கவறும் காவிரியும் – 7: முதல் ஆட்டத்தைத் தோற்றவர்

சென்ற வாரம் குடந்தையில் ஒரு சூதாடு களத்தின் நடுவே தொடரை நிறுத்தியிருந்தோம். தோற்றவன் பணயத்தைத் தர மறுக்கிறான். "தர முடியாது, ஆனதைப் பார்" என்று பலகையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறான். எதிரே இருக்கும் வெளியூர்க்காரர் வாயே திறக்கவில்லை. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சுரிகை. அவருடைய வலக்கை இடுப்புப் பக்கம் இறங்குகிறது.

(வசனம் என் கைச்சரக்கு. சுரிகை சேக்கிழாருடையது.)

அந்தக் கை சுரிகையைத் தொடுவதற்குள், இவர் யார், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரை விட்டு இந்தக் காவிரிக் கரைக்கு எதற்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் தொண்டைநாட்டுத் திருவேற்காடு. இன்று சென்னையின் மேற்குப் பக்கத்தில், கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் முழுக்கக் கூட்டம் நெரியும் அதே ஊர். வேளாளர் குலம், வசதியான குடும்பம். தினமும் சிவனடியார்களுக்குச் சோறு போட்ட பிறகுதான் தன் இலையில் கை வைப்பது என்று ஒரு நியமம் வைத்திருந்தார். எத்தனை பேர் வந்தாலும் சோறு, நெய், கறி என்று குறைவில்லாத பந்தி. இப்படி நடத்தினால் என்ன ஆகும்? ஆனது. இருந்த பொருளெல்லாம் போயிற்று. விற்க முடிந்ததையெல்லாம் விற்றார். அப்புறமும் அடியார்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: முன்பே கற்று வைத்திருந்த சூது.

ஆடினார். வென்றார். வென்றதில் சமைத்துப் போட்டார். சில காலத்தில் ஊரில் அவரோடு உட்கார ஆளே இல்லாமல் போனது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் எந்தக் காலத்திலும் வரும் சங்கடம் இது. 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாய்ல் பிரன்சனும் அவர் கூட்டாளிகளும் ஊர் ஊராகக் காரில் அலைந்து போக்கர் ஆடியதற்கும் இதுவே காரணம். ஒரே ஊரில் தொடர்ந்து வெல்கிறவனுக்கு அந்த ஊரில் பிழைப்பு கிடையாது.

நம்மவரும் கிளம்பிவிட்டார். சிவன் கோயில் உள்ள ஊர்களாகப் பார்த்துப் போவது, கும்பிடுவது, ஆடுவது, வென்றதில் அங்கேயே அடியார்களுக்குச் சோறு போடுவது. இப்படி வந்து சேர்ந்த இடம்தான் குடந்தை, நம் கும்பகோணம். பெற்றோர் வைத்த பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மூர்க்கர் என்ற பெயர் இந்த ஊரில்தான் நிலைத்தது.

*

ஏன் குடந்தை? கோயில்கள் ஒரு காரணம். என் கணக்கில் இன்னொரு காரணமும் உண்டு: காசு. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் அரசலாறு, சுற்றிலும் நெல். சோழர்கள் குடந்தையில் குவித்து வைத்த நிதியைச் சங்கப்பாடல் ஒன்றே பேசுகிறது. அந்தக் கருவூலத்துக்கு இருந்த காவலைவிடக் கடுமையாக மகளைக் காவல் காக்கும் ஒரு தாயைப் பற்றிய பாட்டு அது. அந்தக் குடந்தை இன்றைய குடவாசல் என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே வயல்வெளியின் இரு முனைகள்தான். களத்தில் நெல் வந்து விழும் ஊரில் பணயம் வைக்க ஆள் கிடைக்கும். சூதாடிக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது.

இவ்வளவையும் பத்துப் பன்னிரண்டு பாடல்களில் முடித்துவிட்டார் சேக்கிழார். ஆனால் அவர் எங்கே இருந்து எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் குன்றத்தூர்க்காரர். திருவேற்காட்டுக்குப் பக்கத்து ஊர், அதே தொண்டைநாடு, அதே வேளாளர் குலம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனுக்கு அமைச்சராகச் சோழநாட்டுக்கு வந்தார். கும்பகோணத்தை ஒட்டிய திருநாகேசுவரம் கோயிலின் மேல் அவருக்கு அப்படியொரு பிடிப்பு. அதே பெயரில் குன்றத்தூரிலும் ஒரு கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆக, மூர்க்கர் சூதாடிக்கொண்டே நடந்த அதே வழியில், பல தலைமுறை கழித்து, அரசாங்க முத்திரையோடு வந்தவர் சேக்கிழார். சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் மூர்க்கரை வெறும் பெயராகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெயருக்குள் ஒரு சூதாடியின் முழுத் தொழில்முறையையும் எழுதி வைத்தவர் இந்த அமைச்சர்தான்.

அந்தத் தொழில்முறை என்ன? முதல் ஆட்டத்தைத் தோற்பது.

ஆம். மூர்க்கர் உட்கார்ந்ததும் முதல் பணயத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பார். அவன் அதை எடுத்துக்கொள்வான். அடுத்த ஆட்டம் இவருக்கு. அதற்கடுத்ததும் இவருக்கு. கடைசியில் எதிராளி கொண்டுவந்ததெல்லாம் இவர் பக்கம். சேக்கிழார் இதைப் புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. பார்த்தவர் போலச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். எனக்கென்னவோ, அமைச்சருக்கு ஆட்டக்களம் பழக்கமில்லாத இடமாக இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

முதல் ஆட்டத்தைத் தோற்றால் என்ன கிடைக்கும்? இதற்கு விடை தேடி நாம் கொஞ்சம் தூரம் போகவேண்டியிருக்கிறது. அமெரிக்கா, லாஸ் வேகஸ், 2003.

*

பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற கேசினோ. 1970 முதல் உலகப் போக்கர் போட்டித் தொடர் நடந்துவந்த இடம். பெரிய போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அந்த வருடம் 839 பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் டென்னசியிலிருந்து வந்த கணக்காளர், கிறிஸ் மணிமேக்கர். பெயரே அதுதான், நான் வைக்கவில்லை. இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு சிறு போட்டியில் வென்று, அதன் பரிசாக இந்த இடத்தைப் பிடித்தவர். கடைசியில் மிஞ்சிய இருவர்: இவர், எதிரே சாம் ஃபர்ஹா என்ற பழம்பெரும் ஆட்டக்காரர்.

அவர்கள் ஆடியது டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் ஏற்றலாம், சீட்டைக் கீழே போட்டு விலகலாம். அந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தில் நடுவில் முதலில் விழுந்தவை ஒன்பது, இரண்டு, ஆறு. ஃபர்ஹாவிடம் ராணியும் ஒரு ஒன்பதும். ஆக, ஒன்பதில் ஜோடி சேர்ந்துவிட்டது. மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். அடுத்து எட்டு வந்தது, கடைசியில் மூன்று. மணிமேக்கர் கையில் ஒன்றும் சேரவில்லை, ஒரு ஜோடிகூட இல்லை. இருந்த சிப்ஸ் (காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்) முழுவதையும் நடுவில் தள்ளினார்.

ஃபர்ஹா யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். தன் ஜோடியைக் கீழே போட்டு விலகிக்கொண்டார்.

ஜெயிக்கும் சீட்டை வைத்திருந்தவர் ஏன் விலகினார்? எதிரே இருந்தது கற்றுக்குட்டி என்ற நினைப்பு. கற்றுக்குட்டி எல்லாவற்றையும் தள்ளுகிறான் என்றால் கையில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்ற கணக்கு. சற்று நேரத்தில் 25 லட்சம் டாலர் மணிமேக்கருக்குப் போனது. கற்றுக்குட்டியாகத் தெரிவது மணிமேக்கருக்கு இயல்பாகவே வாய்த்தது. மூர்க்கர் அதை முதல் ஆட்டத்திலேயே தோற்று, விலை கொடுத்து வாங்கினார். தோற்றவனைப் பார்த்தால் எதிராளிக்குப் பயம் போகும், பணயத்தின் அளவு ஏறும். பணயம் ஏறிய பிறகு வென்றால் போதும்.

இதில் வேடிக்கை பார்க்கிறவர்கள் சங்கதி ஒன்று இருக்கிறது. குடந்தையில் கவறு உருண்டால் சுற்றி நிற்கும் எல்லார் கண்ணுக்கும் விழுந்த எண் தெரியும். போக்கரில் சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். மேஜையைச் சுற்றி நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது சீட்டின் முதுகும் ஆடுகிறவன் முகமும்தான். அரைமணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். போலந்தில் பிறந்து, நாஜி முகாம்களில் உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மை வியாபாரியான ஹென்றி ஓரன்ஸ்டீன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கவிழ்ந்த சீட்டைக் காட்டும் கேமரா. 1995இல் காப்புரிமை. 1999இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அந்த வகைக் கேமரா வந்தது. ஃபர்ஹா யோசித்துக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மணிமேக்கர் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தே இருந்தது. வீட்டில் சோபாவில் இருப்பவனுக்குத் தெரிந்தது மேஜையில் இருப்பவனுக்குத் தெரியாது. போக்கரைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். அடுத்த வருடப் போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

அதே 2003 ஜனவரியில்தான் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். தஞ்சை, குடந்தை பேருந்து நிலையங்களில் சீட்டுக் கட்டைத் தோளில் தொங்கவிட்டுக் கூவிக்கொண்டிருந்த குரல்கள் ஒரே மாதத்தில் ஓய்ந்தன.

*

சரி, சீட்டில் திறமை காட்டலாம். கவற்றில் எப்படி? உருளுகிற பகடை யார் பேச்சைக் கேட்கும்? முதல் ஆட்டத்தை நினைத்தபடி தோற்று, மற்றதை நினைத்தபடி வெல்ல முடியும் என்றால், மூர்க்கர் ஏமாற்றினாரா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் பழைய இந்தியச் சூது முழுவதும் ஆறுபக்கப் பகடையால் ஆடப்பட்டதில்லை. கீழடியில் கிடைத்த தந்தப் பகடையைப் பார்த்துப் பார்த்து நமக்கு அப்படிப் பழகிவிட்டது. வடக்கே வேதகாலத்தில் தான்றிக்காய்தான் கவறு. ஆமாம், திரிபலா சூரணத்தில் போடும் அதே தான்றி. குவித்து வைத்த காயிலிருந்து ஒரு பிடி அள்ளும்போது எத்தனை வருகிறது, நாலு நாலாகக் கழித்தால் மீதி என்ன என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் ஆட்டம் இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நளன் கதையில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. நாட்டை இழந்து தேரோட்டியாய்ப் போன நளனுக்கு இருதுபன்னன் சூதின் சூட்சுமத்தைக் கற்றுக்கொடுக்கிறான். அதற்கு முன் தன் கணக்கு வித்தையைக் காட்ட அவன் எண்ணிச் சொன்னது எதை? வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தின் காயையும் இலையையும்தான்.

மூர்க்கர் எந்தச் சூது ஆடினார் என்று சேக்கிழார் விவரிக்கவில்லை. ஆனால் அது கற்ற வித்தை என்கிறார். கற்க முடிந்தது என்றால் அதில் கைத்திறனுக்கோ கணக்குக்கோ இடம் இருந்திருக்க வேண்டும். அல்லது, எந்த ஆட்டமானாலும் சரி, சிறு பணயத்தில் தோற்று, பெரும் பணயத்தில் பொறுமையாகக் காத்திருந்து வெல்கிற சாமர்த்தியமாவது இருந்திருக்க வேண்டும்.

வென்ற பணத்தை மூர்க்கர் கையால் தொடுவதில்லை. சமைக்கிறவர்கள் நேரே எடுத்துக்கொண்டு போவார்கள். அடியார்கள் உண்டு முடித்த பிறகு, கடைசிப் பந்தியில் இவர் இலை போட்டு உட்காருவார். திருக்குறளில் சூது 94ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே. வென்றாலும் வேண்டாம் என்பது வள்ளுவர் கட்சி. சைவம் அந்தக் கட்சியை மறுத்து வாதாடவில்லை. சூதாடியை 63 நாயன்மார்களில் ஒருவராக உட்கார வைத்தது, கார்த்திகை மூலத்தில் அவருக்குக் குருபூஜை நடத்துகிறது. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் கூப்பிடு தூரம். அங்கே ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைச் சுவரைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பமாக அடித்து வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டிய உயரம். முதுகு வலித்தாலும் பாருங்கள்.

*

இப்போது சுரிகைக்கு வருவோம். கை இடுப்பில் இருக்கிறது.

மூர்க்கர் அதை உருவினார். குத்தினார். சேக்கிழார் மழுப்பவே இல்லை. ஆட்டத்தில் மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தினார் என்று பச்சையாகச் சொல்கிறார். மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. நல்ல சூதர் என்ற பெயரும் சேர்ந்தே வந்தது என்பதுதான் விசேஷம். குடந்தைக்காரர்கள் பார்வையில் அவர் ஆட்டத்தில் நேர்மையானவர், பணயத்தில் கடுமையானவர்.

ஏன் குத்த வேண்டியிருந்தது? அவர் கைகொடுக்க ஆள் இல்லாத வெளியூர்க்காரர். கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் சூதுக்கென்றே ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறார். கவறு அவன் கொடுப்பான், வாடகை வாங்குவான், வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. யாக்ஞவல்க்கியரின் தரும நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: களம் நடத்துகிறவன் தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தோற்றவனிடமிருந்து பணத்தை வாங்கி வென்றவனிடம் சேர்ப்பது அவன் பொறுப்பு. அப்படி ஒருவன் குடந்தைக் களத்தில் இருந்திருந்தால் மூர்க்கருக்குச் சுரிகை தேவைப்பட்டிருக்காது.

இன்றும் சட்டம் சூதாடிக்குத் துணை வராது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தயம் கட்டிய ஒப்பந்தம் செல்லாது; ஜெயித்த பணத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. மூணு சீட்டில் தோற்றவன் "அப்புறம் தர்றேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டால் ஜெயித்தவன் என்ன செய்வான்? தெருச் சண்டைகள் பாதி அங்கேதான் ஆரம்பிக்கின்றன. டெக்சாஸ் சாலைகளில் பிரன்சன் கூட்டத்துக்கும் இதே பயம்தான். ஜெயித்த பணத்தைத் துப்பாக்கி முனையில் பறிகொடுத்த கதைகளை அவர் நிறையச் சொல்லியிருக்கிறார்.

கேசினோ கண்டுபிடித்த தந்திரம் ரொம்ப எளிமையானது. முதலில் காசைக் கட்டு, சிப்ஸ் வாங்கு, பிறகு உட்கார். தோற்றவன் தர மறுக்க வழியே இல்லை, ஏற்கெனவே தந்துவிட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணயத்திலிருந்து கேசினோக்காரன் தன் பங்கை உருவிக்கொள்வான். பல இடங்களில் அதுவும் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். கௌடில்யர் காலத்து விலைவாசி மாறவே இல்லை போலும். மூர்க்கரின் சுரிகை செய்த வேலையைப் பிளாஸ்டிக் வில்லை செய்கிறது.

அந்த வில்லையைப் பார்க்க டெல்டாக்காரர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கு வாரம் ஒரு ரயில் வருகிறது, திருச்சி, தஞ்சாவூர் வழியாக. கோவாக்காரர்கள் மாதாவைக் கும்பிட அதில் வருகிறார்கள். திரும்பும் வண்டியில் நம்மவர்கள் எதற்குப் போகிறார்கள் என்பது அவரவர் மனசாட்சி. பனாஜியில் மாண்டோவி ஆற்றில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. 1976ஆம் ஆண்டு சூதாட்டத் தடைச் சட்டத்தைத் திருத்தித் திருத்தி, கோவா அரசு தண்ணீரில் மிதக்கிற கேசினோவுக்கு வழிவிட்டது. கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போக்கர் போட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ். அதை இடையில் காசாக்க முடியாது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பணயம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சும்மா உட்கார்ந்து காலம் கடத்தினாலும் கரைந்து போவீர்கள். தோற்று எழுந்தவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கடைசி மேஜையைச் சுற்றி நின்று, தங்களை வீழ்த்தியவன் எப்போது வீழ்வான் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாண்டோவியில் செய்யலாம், காவிரியில் கூடாதா? தஞ்சை ஜில்லாவுக்கும் சேர்த்து 1930இல் வந்த சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது: வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அந்த ஒரு வாசகத்தில்தான் டெல்டாவின் மனமகிழ் மன்றங்கள் எல்லாம் நிழல் தேடின. சமீப காலத்தில் அந்தக் கதவில் பெரிய இழுபறி. தமிழகத்தின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லியே அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் போட்டது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பெயரை மட்டும் எடுத்துவிட்டது: அவை திறமை ஆட்டங்களாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே ஒதுக்கிவிட்டு, ஆன்லைனில் காசு வைத்து ஆடும் எதற்கும் தடை என்று சட்டம் போட்டது.

உயர்நீதிமன்றம் 2023இல் பிடித்துக்கொண்ட வாதத்தின் வேர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. 1963, செகந்திராபாத். கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப். மேஜையில் சீட்டுகள், வில்லைகள், காசு. ஆடிக்கொண்டிருந்தது ரம்மி. போலீஸ் உள்ளே வந்தது.

ஒரு கிளப்பில் சீட்டாடியவர்களைப் பிடித்த சின்ன வழக்கு. அது டெல்லி உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. நீதிபதி ஹிதாயதுல்லா முன் இருந்த கேள்வி, மூர்க்கரைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்வி: கலைத்துப் போட்ட சீட்டில் எது உன் கைக்கு வருகிறது என்பது அதிர்ஷ்டம், அப்படியானால் ஜெயித்தவனை ஜெயிக்க வைத்தது எது? அவர் ரம்மியை ஒரு பக்கம் வைத்தார். மறு பக்கம், நம் ஊர்த் திண்ணைகளில் எல்லாரும் ஆடிய இன்னொரு சீட்டாட்டத்தை வைத்தார். ஒன்றைக் காப்பாற்றினார். மற்றதைக் கைவிட்டார். கைவிடப்பட்ட அந்த ஆட்டம் போக்கருக்கு நெருங்கிய சொந்தம்.

(அடுத்த வாரம்: மூணு சீட்டு மேல் விழுந்த தீர்ப்பு)